வெயிலில் பார்த்த முகம்

ஓவியராகிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

ஈஸ்டர் ஆராதனையில் உங்கள் படத்தைத் திறந்தபோது நானும் இருந்தேன், கடைசி வரிசையில். காலை வெளிச்சத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவரின் முகம் பாசி பிடித்தது போல் பச்சையாக இருந்தது.

சாயப்பட்டறையில் அத்தனை வருடம் துணிக்கு ஷேடு பார்த்தவர் நீங்கள். துணியை வெயிலில் பார்க்காமல் ஓகே சொன்னவர்களை என்ன திட்டுத் திட்டுவீர்கள்! வேலையையும் வீட்டையும் விட்டுப்போய், அவிநாசியில் ஜன்னலில்லாத அறை எடுத்து, ஒரு தடவைகூட வெயிலில் வைத்துப் பார்க்காமல், மஞ்சள் பல்பு வெளிச்சத்திலேயே ஆண்டவரை வரைந்திருக்கிறீர்கள். "ஜெபத்துல கர்த்தரே காட்டுன நெறம்" என்று சபை முன்னால் கூசாமல் சாட்சி வேறு. உங்கள் சோம்பலுக்குக் கர்த்தர் பொறுப்பா?

ஆராதனை முடிந்து நீங்கள் போன பிறகு ஞானப்பூ அக்கா எழுந்து வந்தார். போன மாதம்தான் மகனை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர். படத்தைத் தொட்டு, "எம் மவனும் கடைசியா இந்த நெறத்துலதான் கெடந்தான். இவரு எந்திரிச்சிட்டாரே" என்று அழுதார்.

ஆகவே அந்தப் பச்சையைத் திருத்திவிடாதீர்கள். உங்களுக்கு ஒழுங்காக வரையத் தெரிந்திருந்தால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது. பெருமைப்பட வேண்டாம், அதில் உங்கள் பங்கு எதுவுமில்லை.

நம் வீட்டு முன்னறையில் காலை வெயில் நன்றாக விழுகிறது. இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் வெயிலில் பார்த்தே நிறம் சொல்கிறவள்