கால்வாய்ப் படகில் கட்டிய கயிறு

அன்பு மகள் துசானிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் துணையில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் குட்டி மிதுசனும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்காத நாளில்லை. பலெர்மோவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, பல்லரோச் சந்தையில் மீன்காரர்கள் பத்து மணிக்கே பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறார்கள். அம்மா வீட்டோடு நின்று பார்க்கிற கிழவி, அந்தச் சிஞ்ஞோரா, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டா, ஆனால் இன்னும் தனியாக எழும்பி நடக்க முடியாது, அம்மாவுக்கு இரண்டு ஆள் வேலை. அவ படுக்கையில் கிடந்ததால்தானே போன மாதம் அம்மா என்னோடு உன்னிடம் வர முடியாமல் போனது. அம்மா பக்கத்தில் நின்றிருந்தால் நான் அப்படி நடந்திருக்க மாட்டேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். நாலு தரம் போன் எடுத்தேன் பிள்ளை, உன் குரலைக் கேட்டதும் மழை வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படகுப் பயணத்தைப் பற்றித்தான். எனக்கு அறுபது வயது ஆனதற்கென்று மருமகன் லீவு போட்டு வாடகைக்குப் பிடித்த கால்வாய்ப் படகு அது. மாமா மன்னார்க் கடலில் தொழில் செய்தவர், அவரைத் தண்ணீரில் கூட்டிக்கொண்டு போவோம் என்று அவர் ஆசைப்பட்டதாக நீயே சொன்னாய். நானோ அதில் கால் வைத்த நேரம் தொட்டுக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கிறது, இது படகா என்றேன். கரையில் நடந்து போன நாய் எங்களை முந்திப் போனபோது விழுந்து விழுந்து சிரித்தேன். மருமகனும் கூடச் சிரித்தார். முதல் நாள் மாலை அந்த வயல்வெளிக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, நீ மீன் பொரித்து, மிதுசன் வாத்துகளைக் கண்டு கைதட்டினானே, எவ்வளவு சந்தோசமாக இருந்தது. அதைக்கூட நான் வாய்விட்டு அவரிடம் சொல்லவில்லை. எங்கள் வேதமில்லை, சைவக்காரப் பெடியன் என்று உன் கலியாணத்துக்கு ஒரு வருசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவன் நான், அந்தக் கனம் என் நாக்கில் இன்னும் முழுதாகப் போகவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் நாள் அந்த லொக்குக்கு வந்தோம், படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரைத் திறந்து மெல்ல மெல்லக் கீழே இறக்குகிற அந்தக் கல் தொட்டி. நீயும் மிதுசனும் உள்ளே இருந்தீர்கள், அவன் வாங்குப் பலகையில் நித்திரை. நான் முன்பக்கத்தில் கயிற்றோடு நின்றேன், கயிறு கரையிலிருந்த இரும்புக் குற்றியைச் சுற்றி என் கைக்கு வந்தது. மருமகன் தண்ணீர் திறக்கப் போகமுதல் என்னிடம் வந்து, மாமா கயிறைக் கட்டாதேயுங்கோ, கையிலை பிடிச்சுக்கொண்டு தண்ணி இறங்க இறங்க விட்டுக் குடுங்கோ என்று தெளிவாகச் சொன்னார். எனக்கே கயிறு பிடிக்கச் சொல்லித் தருகிறாரே என்று உள்ளே சுருக்கென்றது. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் கயிற்றை இழுத்துப் படகு முனையில் கட்டிவிட்டேன், எங்கள் கடலில் கட்டுகிற கட்டு, எவ்வளவு பாரம் விழுந்தாலும் அவிழாது. ஓம் பிள்ளை, கட்டினது நான். மருமகன் இல்லை.

தண்ணீர் இறங்கியது, படகு கயிற்றில் தொங்கிச் சரிந்தது, உள்ளே கோப்பைகள் உடைகிற சத்தமும் உன் அலறலும் கேட்டன. நான் அவிழ்க்கப் பார்த்தேன், என் கட்டு எனக்கே அசையவில்லை. மருமகன்தான் தண்ணீரை நிறுத்திவிட்டு மேல் கதவடிக்கு ஓடி மறுபடி தண்ணீரை உள்ளே விட்டார். படகு நிமிர்ந்ததும் நான் முதலில் செய்த வேலை, குட்டியைப் பார்க்க ஓடியதில்லை, யாரும் காணமுதல் அந்தக் கட்டை அவிழ்த்ததுதான். லொக்கடியில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஓடிவந்து யார் கட்டினது என்று கேட்டார், அவ்வளவு இங்கிலிஸ் எனக்கு விளங்கும். மருமகன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் கையை உயர்த்தினார். அப்போதுதான் நீ நெற்றி வீங்கின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாய். பச்சைப்பிள்ளை உள்ளை கிடக்கெண்டு தெரியாதோ, அப்பா பக்கத்திலை நிண்டவர்தானே, அவரிட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று அத்தனை பேருக்கு முன்னால் அவரைக் கிழித்தாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளைக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகாவது சொல்லியிருக்கலாம், அதுவுமில்லை.

இங்கே வந்து இன்னும் கேவலம் பண்ணினேன். பூசை முடிந்து நின்ற சனத்துக்கு, மருமகன் தெரியாமல் கட்டிப்போட்டார், நல்ல காலம் நான் நின்றேன் என்று கதை அளந்தேன். எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

போன கிழமை அம்மா சொன்னா, நீ இப்போது மிதுசனை அவரோடு தனியாக விடுவதில்லையாம், தகப்பனும் பிள்ளையுமாய்ப் போகிற நீச்சலையும் நிறுத்திவிட்டாயாம். வியாழக்கிழமை மருமகனுக்குப் போன் எடுத்து, தம்பி நான் துசானியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். வேண்டாம் மாமா, அப்பாவுக்குத் தெரியாத கயிறு இல்லையெண்டு சின்னனிலையிருந்து சொல்லித் திரியிறவள், அதைக் கெடுக்காதேயுங்கோ, என்னிலை உள்ள கோவம் மெல்ல ஆறிடும் என்றார். நானும் சரி தம்பி என்று வைத்துவிட்டேன். வைத்ததும் மனம் லேசாகிப் போனது, அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கம். அவர் பெற்ற பிள்ளையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு எனக்கு நிம்மதி வந்தது.

சனிக்கிழமை பஸ் பிடித்து பிரான்காச்சோவுக்குப் போய், என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கிறிகோரியிடம் முதலில் சொன்னேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, மகளுக்குச் சொல்லிப்போட்டே என்னட்டை வந்தனி என்று கேட்டான். இல்லை என்றேன். பிறகென்னடா இஞ்சை நிக்கிறாய் என்று தேத்தண்ணிகூடத் தராமல் அனுப்பிவிட்டான்.

இதுவரை எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ அழுதுவிட்டு, ஏன் கட்டினனியள் எண்டதை எழுதேல்லையே என்று கேட்டா. அதையும் எழுதுகிறேன். சுருக்கென்றது மட்டும் காரணமில்லை. நான் கப்பல் கப்டன் மாதிரி நிற்கிற படம் ஒன்றை எங்கள் கோயில்காரரின் போன் குறூப்பில் போட ஆசைப்பட்டேன், போனைத் தலைக்குமேல் தூக்கி என்னை நானே எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் என் காலடியில் கயிறு இறுக்கிக் கட்டியிருப்பது நன்றாகத் தெரிகிறது. படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பார்.

பிள்ளை, உனக்கு என்மேல் வருகிற கோபத்தை வைத்துக்கொள், நான் தாங்குவேன். மிதுசனின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே, முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தகப்பன் கையில் கொடு.

உன் அப்பா,
யோசேப்