வாசற்படிக்கு வராத வெடி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு அந்த இருமல் விட்டதா?

உன் கடிதம் வந்தது. குவாரி என்கிற இங்கிலீஷ் வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அகராதியில் தேடி எழுதியிருந்தாய். லத்தீனில் சதுரத்துக்கு உள்ள சொல்லிலிருந்து வந்ததாம், கல்லை நாலு மூலையும் சரியாக வெட்டி எடுக்கிற இடம் என்று அர்த்தமாம். அப்பாவுக்குத்தான் வெடிச்சத்தத்தில் எப்போதோ காது போய்விட்டதே, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தி வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “இப்ப அந்தப் பள்ளத்துல சதுரமா இருக்கறது நம்ம பையனோட சாப்பாட்டு டப்பா மட்டும்தான்” என்றார். எல்லாம் ஜல்லியாகத்தானே போகிறது, மூலையை யார் பார்க்கிறார்கள். நம் வாசற்படி ஒன்றுதான் அவர் கையால் சதுரமாக வெட்டிய கல். தம்பி துளை போடுகிற வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, வெடி வைக்கிற நேரத்தில் அதன்மேல் வெறுங்காலை வைத்து உட்கார்ந்துகொள்கிறார். காதுக்குக் கேட்காதது காலுக்குத் தெரிகிறதாம். அன்றைக்கு எத்தனை குழி வெடிக்கும் என்று காலையிலேயே அவனிடம் கேட்டு வைத்துக்கொள்வார்.

இன்று சாயங்காலம் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து ஓய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. “ஒண்ணு வரலடி” என்றார். அதற்குள் ஆபத்தில்லை என்று சங்கு ஊதிவிட்டார்கள். செருப்புகூடப் போடாமல் குவாரிக்கு ஓடினார். இறங்கிக்கொண்டிருந்த ஆட்களைக் கத்திக் கத்தி மேலே ஏற்றினாராம். பிறகு பார்த்தால் ஒரு குழி வெடிக்காமல் வெடிமருந்தோடு அப்படியே கிடக்கிறது. அப்பாவும் தம்பியும் சேர்ந்துதான் வீட்டுக்கு வந்தார்கள், அவர் பாதமெல்லாம் ரத்தம், இவன் “அப்பாவோட காலுக்கு சம்பளம் போட்டுக் குடுக்கணும்” என்று சிரிக்கிறான்.

நாளைக்கு அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டு அதையும் சேர்த்து வெடிக்க வைக்க வேண்டுமாம். யார் போடப்போகிறது என்று கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “நான் போட்ட குழிம்மா, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு எனக்குத்தானே தெரியும்” என்கிறான். போகாதே என்று அப்பா ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் போகாதே என்று நான் கெஞ்சியபோது எனக்கு அவர் சொன்ன பதிலும் தம்பி சொன்ன இதேதான்.

நீ சொன்னால் அவன் தட்டமாட்டான். அங்கே எந்த வேலையானாலும் சரி, தரைக்கு மேலே இருக்கிற வேலையாகப் பார்த்து அவனை வரச்சொல். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

நாளைக்கு நானும் அப்பா பக்கத்தில் அந்தப் படியில் காலை வைத்து உட்காரப்போகிறேன். நீ இதைப் படிக்கும்போது அது முடிந்து பல நாள் ஆகியிருக்கும். பதில் எழுதும்போது மட்டும் கவரின் மேல் என் பெயரைப் போடாதே. தம்பி பெயரைப் போடு. அவன் கையால்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா