லொறிக்குக் கட்டிய சாக்கு

ஆடி, திங்கட்கிழமை

இரண்டாம் நம்பர் லொறி ஏற்றத்தில் நின்றுவிட்டது. முழுக் கிறவல் மண் சுமை, விமானத் தளத்துக்குப் போகும் ஒற்றை வழி, பின்னால் இராணுவ வண்டிகள். தள்ளி ஓரம் கட்டினோம். தள வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் கத்தவில்லை, அதுதான் பயம். "இன்னொருக்கா இதில நிண்டால் மூண்டு லொறியையும் நாங்கள் எடுப்பம். சண்டை முடிஞ்சாப் பிறகு வந்து கேளுங்கோ."

சைக்கிளில் கருவாடு விற்றுத் தொடங்கியவன் நான். அந்த மூன்று லொறிதான் என் சீவியம்.

கச்சான் காற்று ஓயவில்லை. வாயெல்லாம் மண். மனுசியும் பிள்ளைகளும் துறைமுகத்தில் குண்டு விழுந்ததிலிருந்து கட்டைபறிச்சான் ஊரில். சீனி அனுப்ப வேண்டும்.

செவ்வாய்

காரணம் நான் கட்டிய சாக்கு. போன மாதம் தூசி ஒன்றாம் நம்பர் எஞ்சினைத் தின்றது; திருத்தி ஓடவைக்க ஒரு மாதக் காசு போனது. அந்தப் பயத்தில் மூன்றுக்கும் காற்று போகிற வாயில் நாலு மடி சாக்கு, தேங்காய் எண்ணெயில் தோய்த்து, இறுக்கமாக. எண்ணெயும் தூசியும் சேர்ந்து களி.

சாரதி இசுமாயில், குறிஞ்சாக்கேணி ஆள், விடவில்லை. "லொறிக்கு வாயைக் கட்டி நோன்பு பிடிக்கச் சொல்றீங்க முதலாளி. அது எப்படி மலை ஏறும்?"

அவிழ்த்தால் ஏறுகிறது. ஆனால் மாரிக்கு முன் எஞ்சின் செத்துவிடும். காற்றை வடிக்கிற எயார் கிளீனர் புதிதாகக் கொழும்பிலும் இல்லை. எவ்வளவு அடைத்தால் தாங்கும்? கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது.

புதன். மேகம் மட்டும்

கொத்து வேலை மேசன் மட்டம் பார்க்கிற குழாய் இரவல். இரு முனையும் கண்ணாடி, நடுவில் றப்பர், உள்ளே தண்ணீர். ஒரு முனையைச் சாக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓட்டை போட்டுச் செருகினோம். மற்றது வெளியே திறந்தபடி. எஞ்சின் மூச்சுக்கு எவ்வளவு கஷ்டப்படுகிறதோ, தண்ணீர் எஞ்சின் பக்கம் அவ்வளவு ஏறும்.

முதல் தடவை ஏறி எஞ்சினுக்குள்ளேயே போய்விட்டது. எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. குழாய்தான் இரவல், குடித்த தண்ணீருக்கு வாடகை உண்டு என்றார் மேசன். இசுமாயில் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரைக் குறைத்து மறுபடியும்.
சாக்கு இல்லை: இரண்டு விரல்.
ஒரு மடி: நாலு விரல். ஒரு நடை ஓடிய பின் உள்ளே தடவினால் மண்.
நாலு மடி: சாணுக்கு மேல். கறுப்புப் புகை.

வியாழன்

காலையில் விமானச் சத்தம். எல்லாரும் வீதியோரக் கானுக்குள் பாய்ந்தோம். எங்கள் பக்கம், வெள்ளைக்காரனின் விமானம்தான். உள்ளே தூசி. துவாயைச் சுருட்டி மூக்கில் அழுத்தினேன், மூச்சு முட்டியது. விரித்துத் தலையோடு போர்த்தினேன். அதே துவாய், முட்டவில்லை.

சாக்கில் பிழை இல்லை. அத்தனை காற்றும் ஒரு சிரட்டை அகலத்தால் போகப் பார்க்கிறது.

மண்ணெண்ணெய் டின். நாலு பக்கமும் ஆணியால் துளை. சுற்றி அதே நாலு மடி, எண்ணெய் கொஞ்சமாக. டின்னிலிருந்து எஞ்சினுக்குக் குழாய். தண்ணீர் மூன்று விரல். பின்னேரம் வரை ஓட்டியபின் ஐந்து. உதறிக் கட்டினால் திரும்ப மூன்று. உள்ளே மண் இல்லை. இனி உதறியும் அரைச் சாண் வந்தால் புதுச் சாக்கு.

வெள்ளி. காற்று கூடுதல்

ஓவசியர் முன் சீட்டில் ஏறினார். முழுச் சுமை. நான் கிறவலுக்கு மேல். பாதி ஏற்றத்தில் எஞ்சின் முனகியது. இசுமாயில் கியரை மாற்றினான். பின்னால் இராணுவ வண்டி ஹோர்ன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏறிவிட்டது.

ஓவசியர் இறங்கினார். டின்னைத் தட்டிப் பார்த்தார். "எங்கட வண்டியளுக்கும் வேணும்."

அரை மணித்தியாலம் கதை. முடிவு: என் மூன்று லொறியும் மாரி வரை என்னிடம். அவர்களின் ஆறு வண்டிக்கும் டின், ஒன்று நாலு ரூபாய். சாக்கு உதறுவது, மாற்றுவது என் ஆட்கள், என் செலவு. ஒன்பதில் எது ஏற்றத்தில் நின்றாலும் என் மூன்றும் அவர்களுக்கு.