ஐந்தே முக்காலுக்குச் சைக்கிள் எடுக்கும் சேகர்

நவ. 20, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. முழங்கால் வலி.

நெல்லித்தோப்பு வாடகை சைக்கிள் கடையின் கடைசி நோட்டும் இன்று கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. பெயர், சைக்கிள் எண், எடுத்த நேரம், விட்ட நேரம். ஒன்பது வாரமாக இதே வேலை. ஆணா பெண்ணா என்று நோட்டில் கிடையாது, பெயரைப் பார்த்து நானே போட்டேன். எல்லாம் ஆண்கள். யார் எப்போது வண்டி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊரே புரிந்துவிடும் என்கிறார் இந்த ஆய்வை நடத்தும் சார். எனக்குக் கண்தான் எரிகிறது.

ஒரே ஒரு ஆள்மேல் பிரியம். சேகர். தினமும் ஐந்தே முக்காலுக்கு எடுப்பார், ஒன்பதரைக்கு விடுவார். ஞாயிறும் உண்டு. கடற்கரையில் காற்று வாங்கும் ஆசாமி என்று விளையாட்டாகச் சொன்னேன். சார் அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டார்: விடியற்காலை உலாப் போகிறவர்களுக்காக அரசு சைக்கிள் நிலையம் பீச் ரோட்டில் வேண்டும்.

என் வேலை நீட்டிப்புக் கடிதம் வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் என்றார்.

வாங்க: மாவு, கொசுவத்தி, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

நவ. 21, புதன்

நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க நெல்லித்தோப்பு. மழை பிடித்துக்கொண்டது. கடையிலேயே நின்றேன். ஒன்பதரைக்கு ஒரு பெண் லேடீஸ் சைக்கிளைக் கொண்டுவந்து சாய்த்தாள். நாற்பது வயதிருக்கும். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. கடைக்காரர் இன்றைய நோட்டில் சேகர் பெயருக்கு நேரே மணியைக் குறித்தார்.

"அண்ணே, சேகர்னா யாரு?"

"இவுங்க ஊட்டுக்காரரு. தெரிஞ்ச ஆம்பள பேருலதான் வண்டி வுடறது. எந்தப் பொம்பள வந்தாலும் அப்பிடித்தான்."

"அவரு வர்றதில்லியா?"

அவள் சிரித்தாள். "அவரு போயி நாலு வருஷம் ஆவுதும்மா. பீச்சுகிட்ட துய்மா வீதில மூணு வீட்டுல பாத்திரம் கழுவறேன். அவ்ளோ காலைல பஸ் ஏது?"

பெயர் மல்லிகா. பீச்சில் கொஞ்சம் உட்காருவீர்களா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"பக்கத்துலதான் இருக்கு. நிக்க நேரமேது?"

எத்தனை பெண்களை ஆணாக்கிவிட்டேன்! வெட்கமாக இருக்கிறது.

நவ. 22, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

சாரிடம் சொன்னேன். சைக்கிள் எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம், லேடீஸ் வண்டி எவையென்று கடைக்காரர் சொல்வார், நாலு நாள் போதும். இப்படியே போனால் நிலையம் பீச்சில், அதுவும் குறுக்கே பார் வைத்த ஆண்கள் வண்டிகளோடு. நெல்லித்தோப்பில் வண்டி எடுக்கும் மல்லிகாவுக்கு ஒன்றும் கிடையாது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிண்ட் ஆயிடுச்சும்மா. இப்ப இத எடுத்தா மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம். ஒங்க லெட்டரும் நாளைக்குத்தானே?"

மிரட்டுகிற மனிதர் இல்லை. சரி என்று வந்துவிட்டேன்.

நவ. 23, வெள்ளி

அதிகாரிகள் கூட்டம். ஏ.சி. குளிர். ஆறிப்போன டீ.

சார் சேகர் பத்தியைப் படித்தார். பெரிய அதிகாரிக்கு ஒரே குஷி. "இவருதான்யா நமக்கு வேணும். தெறப்பு விழாவுக்கு இவரையே கூப்புட்டு ரிப்பன் வெட்டச் சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள். சாரும். அதிகாரி என்னைப் பார்த்து, "அட்ரஸ் இருக்கா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் போயிருந்தேன். எழுந்துவிட்டேன்.

"சேகர் எறந்து நாலு வருஷம் ஆச்சு சார். சைக்கிள் எடுக்கறது அவர் சம்சாரம். வீட்டு வேலைக்குப் போறாங்க. அவங்கள மாதிரி நெறைய பேரு. எல்லாரையும் ஆம்பளன்னு தப்பாப் போட்டது நான்தான்."

அதிகாரி அறிக்கையை மூடி சார் பக்கம் தள்ளினார். "திருத்திக் கொண்டாங்க."

படியிறங்கும்போது சார்: "எல்லார் முன்னாடியுமா சொல்லணும்?"

"நேத்து தனியாத்தான் சொன்னேன் சார்."

கடிதம் தரவில்லை. திங்கள் முதல் எனக்கு வேலை இல்லை. அவர் ஆட்டோவில் போனார். கடை சாத்துவதற்குள் லேடீஸ் வண்டி எண்களைக் கேட்டு வாங்க நான் நெல்லித்தோப்புக்கு நடந்தேன்.