நான்காவது டேப்பில் ஒரு 'அ'

மார்ச் 3, செவ்வாய்
செவிலியர் கல்லூரிக்கு ஆசிரியர் எடுப்பதற்கான இணைய விண்ணப்பப் படிவத்தை இன்று கட்டி முடித்தேன். பழைய படிவத்தை உருட்டி முடிப்பதற்குள் விண்ணப்பிப்பவருக்கு ஓய்வு வயது வந்துவிடும். நான் அதை நான்கு டேப்பாக, அதாவது ஒரே திரையில் நான்கு அறையாக, மடித்துவிட்டேன்: பெயர் விவரம், படிப்பு, அனுபவம், 'ஏன் இந்த வேலை'. தலைப்பைத் தொட்டால் அந்த அறை திறக்கும். மற்ற மூன்றும் மாயம். அரண்மனை கட்டியவனெல்லாம் என்னிடம் வரிசையில் நின்று பாடம் கேட்கலாம். மேலாளரம்மா, "ம், வேகமா இருக்கே" என்றார். அவர் வாயில் அது முடிசூட்டு விழா.

மார்ச் 4
அக்காவும் விண்ணப்பிக்கிறாளாம்! இருபத்தெட்டு வருடம் நர்ஸாக வார்டில் நடந்த முழங்கால் இனி நடக்காது என்கிறது. இது கிடைக்காவிட்டால் வீட்டில்தான் உட்கார வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்தால் தெருவில் போகிற பூனைக்குக்கூட ரத்த அழுத்தம் பார்ப்பாள். கடைசி நாள் வெள்ளி.

மார்ச் 5
காலையில் போன். "டேய், எழுதினதெல்லாம் காணோம்டா."
ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டிய நான்காவது டேப். போன் நம்பரைச் சரிபார்க்க முதல் டேப்புக்குப் போய்த் திரும்பினாளாம். இரண்டிலும் வெறும் வெள்ளைப் பெட்டி.
"நீ எதையாவது அமுக்கியிருப்பக்கா. ஊசி குத்துற மாதிரி தட்டினா கம்ப்யூட்டர் மயங்கி விழாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தும் தொலைத்தேன்.
அவள் சிரிக்கவில்லை. "ஒரு படிவம் நிரப்பத் தெரியல, நான் என்னத்த பாடம் நடத்தப் போறேன்? விடு."
அக்கா வாயில் 'விடு' என்ற சொல்லை இன்றுதான் கேட்டேன்.

அதே நாள், மாலை
அக்கா மகள் வந்தாள். பேருந்து ஓட்டுகிறவள், கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் ஓர் அங்குலம் நகரமாட்டாள். "மாமா, எழுதினதை எல்லாரும் திரும்பிப் போய்ப் பார்க்கத்தானே செய்வாங்க. நீங்க அப்படிப் போய்ப் பார்த்தீங்களா?"
பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அனுப்பு — நான் போனதெல்லாம் ராஜ ஊர்வலம். ராஜா பின்னால் நடப்பாரா?
நான்காவது டேப்பில் 'அ' என்று தட்டினேன். முதல் டேப். மறுபடி நான்காவது.
'அ' இல்லை.
ஐயோ. வேகம் வேண்டும் என்று, ஆள் நகர்ந்த அறையை மறைப்பதற்குப் பதில் இடித்தே தள்ளியிருக்கிறேன்! திரும்பி வந்தால் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறேன் — காலியாக. நான் எதுக்குடா சிரிச்சேன்?
அப்படி என்னதான் எழுதியிருந்தாள்? தோண்டித் தோண்டிப் பார்த்தேன். அனுப்பாதது எங்குமே சேரவில்லை.

மார்ச் 6, வெள்ளி
இடிக்காதே, மறைத்து வை. இரண்டே வரியில் திருத்தம். மேலாளரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் படிவத்தைத் திறந்துவிட்டு, அனுப்பாமல் போனவர்கள் நாற்பத்தொரு பேர். எத்தனை பேர் தங்கள் விரலையே திட்டிக்கொண்டார்களோ! கடைசி நாள் திங்களுக்குத் தள்ளிப்போனது. நாற்பத்தொரு பேருக்கும் மின்னஞ்சல் போனது: தவறு எங்களுடையது.
மதியம் அக்கா வீடு. "தப்பு என்னோடதுக்கா."
படிவத்தைத் திறந்தாள். ஒரு வரி தட்டினாள். முதல் டேப், நான்காவது, முதல், நான்காவது — பதினேழு முறை எண்ணினேன். வரி அசையவில்லை.
"சரி, எழுந்து போ. எழுதணும்."
"என்ன எழுதப் போறே?"
"உனக்கெதுக்கு?"
தலை வெடித்துவிடும்.

மார்ச் 9
அனுப்பிவிட்டாள். அவள் எழுதியது இப்போது எங்கள் சர்வரில், ஒரு கிளிக் தூரத்தில். திறக்கவில்லை. எந்த முனிவரும் இவ்வளவு கடுந்தவம் செய்ததில்லை.

ஏப்ரல் 2
நேர்முகத் தேர்வு. போனை எடுக்கமாட்டேன் என்கிறாள்.

ஜூன் 15
வேலை கிடைத்து, முதல் வகுப்பை நடத்தி முடித்துவிட்டு அக்கா கூப்பிட்டாள். அந்த நான்காவது டேப்பில் என்ன எழுதினாள் என்று இருநூறாவது தடவையாகக் கேட்டேன்.
"முதல்ல எழுதினது பூரா என் பெருமை. நல்லவேளை, போச்சு. ரெண்டாவதா உன்னைப் பத்தி எழுதினேன்."
"என்னையா?"
"மருந்தை மாத்திக் கொடுத்துட்டு, நோயாளி சரியா முழுங்கலன்னு சொல்றவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். புள்ளைங்களுக்கு முதல் பாடம் அதுதான்னு எழுதினேன். இன்னைக்கு உன் கதையத்தான் சொன்னேன்."
"பேரைச் சொன்னியா?"
"சே, சே. 'ஒரு மேதாவி'ன்னு மட்டும்தான்."
வகுப்பில் அறுபது பேராம். பத்து வருடத்தில் அறுநூறு. இனி எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் என் புகழ் எனக்கு முன்னால் அங்கே படுத்திருக்கும்.
இன்று அலுவலகத்தில் புதுப் படிவம் ஒன்று. கடைசி டேப்பில் 'அ' தட்டினேன். முதல் டேப்புக்குப் போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தேன்.
இருந்தது.