மூன்று கடைக்கும் ஒரே சான்றிதழ்

செவ்வாய்க்கிழமை

தோள்நோவுக்கென்று இவர் இணையத்தில் பெப்டைட் ஊசிமருந்து மூன்று குப்பி எடுப்பித்து பிரிட்ஜில் வைத்திருக்கிறார். ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று குப்பியிலேயே எழுதியிருக்கிறது. இங்கே அது மருந்தாகப் பதிவும் இல்லை. விற்கிற மூன்று கடைகளின் பக்கங்களையும் இன்று பார்த்தேன். விலை ஒன்றைவிட ஒன்று இரண்டு மடங்கு. தூய்மைச் சான்றிதழ் மட்டும் மூன்றிலும் ஒன்றே, தொகுதி எண்கூட மாறவில்லை.

"கடதாசி இருக்குத்தானே," என்றார்.

"இப்பிடிக் கடதாசியோட எங்கட லாப்புக்கு மீன் வந்தா நான் திருப்பி அனுப்பிப்போடுவன்."

"அப்ப உம்மட லாப்பில சோதிச்சுத் தாரும்."

"ஏலாது. அங்க மீன் பழுதோ எண்டுதான் பாக்கிறனாங்கள்."

"சரி விடும், நான் இன்னும் போடேல்லத்தானே."

எரிச்சலோடு மீன்குழம்பை வைக்க பிரிட்ஜைத் திறந்தேன். குப்பி இரண்டுதான் இருந்தது.