நாற்காலியில் உட்கார்ந்த அம்மன்

பாகூர்,
ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

அது நம் அம்மன் இல்லை என்று அன்று நான் சொல்லவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆடி மாதம் ஏரிக்கரை நிலத்தில் வரப்பு வெட்டும்போது அம்மாவுக்கு ஏழு வெள்ளிக்காசுகள் கிடைத்தன. புளி போட்டுத் தேய்த்து என்னிடம் காட்டினாள். ஒரு பக்கம் ரோமாபுரி அரசன் ஒருவனின் தலை. மறுபக்கம், கையில் கோலோடு நாற்காலியில் அமர்ந்த அவர்களுடைய தேவதை. புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் வருடம் பழையவை. தாசில்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

அம்மா கண்ணுக்கு மிக அருகில் காசைப் பிடித்து, "இந்த ஆளு மூக்கப் பாருடி, நம்ம பக்கிரி மாமா மாதிரியே கீறான்" என்று சிரித்தாள். கண்ணில் அழுத்தம் கூடிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் சிரித்ததே இல்லை. காசைத் திருப்பியவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாரியாத்தாடி இது! சூலத்தப் புடிச்சிகினு எப்படி குந்திகினு கீறா பாரு. கண்மலர் சாத்தச் சொல்லி அவளே வெள்ளி குடுத்துட்டா."

நேர்த்திக்கடன் முடிந்தால் பயம் தெளிந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. பத்தர் ஏழையும் உருக்கி ஒரு ஜோடி வெள்ளிக் கண் செய்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் சாத்தினோம்.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அவளே கண்ணு குடுத்துட்டா, டாக்டரு இன்னாத்துக்குடி? போனா அவள நம்பலன்னு ஆயிடும்" என்றாள். அப்போதுதான் சொன்னேன், அது வேறு தேசத்துச் சாமி என்று. "படிச்ச திமிருடி உனக்கு" என்றாள். எடுத்துக் காட்ட ஒரு காசுகூட என்னிடம் இல்லை. அதன் பிறகு மூன்று மாதம் சொட்டு மருந்தும் போடவிடவில்லை.

குவைத்தில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். எப்படியாவது வா, அண்ணா. திட்டுவதானால் என்னைத் திட்டு. வந்ததும் வாசலில் சும்மா நிற்காதே, அம்மா என்று கூப்பிடு. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

உன் தங்கை,
சுவேதா